‘பழைய முதலாம் இலக்கம்’: இரும்பு மாறினாலும் பெயர் நிலைக்குமா?

ஒரு கோடி பவுண் விலை பேசப்பட்ட ஒரு பழைய மோட்டார் கார். அதனை வாங்குவதாக ஒப்புக்கொண்ட ஒரு கொம்பனி. ஒப்புக்கொண்ட பின்னர், “நாங்கள் வாங்க எண்ணிய கார் இதுவன்று” என்று பின்வாங்கிய அதே கொம்பனி. 1990ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கு இவ்வாறு வந்து சேர்ந்த வழக்கு, சட்டம் பயின்றோரை மாத்திரமன்றித் தத்துவம் பயின்றோரையும் சிந்திக்க வைத்தது. நீதிபதி தீர்க்க வேண்டியிருந்த வினா பார்வைக்கு மிகச் சிறியது. விற்பனைக்கு வந்த இந்தக் கார், அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் பிரான்ஸ் தேசத்திலே இருமுறை வெற்றிவாகை சூடிய அதே காரா? அன்றி, அதன் பெயரைச் சூடிக்கொண்ட வேறொரு காரா?

அந்தக் காரின் பெயர் ‘ஓல்ட் நம்பர் வண்’. தமிழில் ‘பழைய முதலாம் இலக்கம்’ எனலாம். பென்ட்லி என்னும் ஆங்கிலக் கொம்பனி செய்த ‘ஸ்பீட் சிக்ஸ்’ வகைப் பந்தயக் கார் அது. பழைய கார்களைப் புதுப்பித்து வைத்திருப்பது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், இந்த ஒரு காரின் வரலாற்றை ஆதியோடந்தமாக நோக்குவோமாயின், ஒரு பொருளைப் புதுப்பித்தல் என்றால் என்ன, பழைமையைப் போற்றுதல் எந்த இடத்தில் முடிந்து போலி எந்த இடத்தில் தொடங்குகிறது என்னும் பெரிய வினாக்கள் நம்முன் எழுவதைக் காண்போம்.

புகையிரதப் பட்டறையில் பயின்றவர்

வால்டர் ஓவன் பென்ட்லி 1888ஆம் ஆண்டு லண்டனிலே பிறந்தவர். சிறுவயதிலேயே புகையிரத எஞ்சின்கள்மீது தீராத மோகங் கொண்ட அவர், பாடசாலையை விட்டதும் டொன்காஸ்டர் நகரிலிருந்த புகையிரதப் பட்டறையிலே தொழில் பழகச் சென்றார். பின்னர் தம் சகோதரரோடு சேர்ந்து பிரெஞ்சுக் கார்களை இறக்குமதி செய்து விற்றார். அக்கார்களின் எஞ்சினிலே அலுமினியக் கலப்பு உலோகத்தாலான பிஸ்டன்களைப் பொருத்தி அவற்றின் வேகத்தைக் கூட்டினார். முதலாம் உலக மகாயுத்தம் மூண்டபோது அந்த அறிவு விமான எஞ்சின்களுக்குப் பயன்பட்டது. யுத்தம் முடிந்ததும், 1919ஆம் ஆண்டில், தம்முடைய பெயரிலேயே ஒரு கார்க் கொம்பனியைத் தொடங்கினார். லண்டனின் வடபகுதியிலே கிறிக்கிள்வுட் என்னும் இடத்தில் அதன் தொழிற்சாலை எழுந்தது.

பென்ட்லி செய்த கார்கள் மென்மையானவையல்ல. நீண்ட தூரத்தை, நெடுநேரம், பழுதின்றிக் கடப்பதே அவற்றின் இலட்சியம். அவர் வகுத்த ஆறரை லீற்றர் எஞ்சினில் அவர் பழகிய பழைய தொழிலின் சாயலைக் காணலாம். எஞ்சினின் மேற்புறத்திலுள்ள வால்வுகளைத் திறந்து மூடும் சுழல்தண்டை அவர் சங்கிலியால் இயக்கவில்லை. புகையிரத எஞ்சினின் சில்லுகளை இணைக்கும் கோல்கள் முன்னும் பின்னுமாக அசைவதை நாம் கண்டிருக்கிறோமல்லவா? அதனை நினைவூட்டும் மூன்று கோல்களால் அந்தத் தண்டைச் சுழலச் செய்தார். ஆறு சிலிண்டர்கள், சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு வால்வுகள், மொத்தக் கொள்ளளவு 6,597 கன சென்ரிமீற்றர். இந்த எஞ்சினை மேலும் வலுப்படுத்தி, 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட வகையே ஸ்பீட் சிக்ஸ் ஆகும். இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 180 கார்களே இவ்வகையிற் செய்யப்பட்டன.

இருபத்துநான்கு மணி நேரச் சோதனை

பிரான்சிலே லே மான்ஸ் என்னும் நகரத்தைச் சூழ்ந்த பொதுவீதிகளில் 1923ஆம் ஆண்டு ஒரு புதுமையான பந்தயம் ஆரம்பமாயிற்று. யார் முதலில் எல்லையைத் தொடுகிறார் என்பதன்று அங்கே கேள்வி. இருபத்துநான்கு மணி நேரத்தில் அதிக தூரம் ஓடியவர் யார் என்பதே கேள்வி. பகலும் இரவும், வெயிலும் மழையும் கடந்து, இரண்டு சாரதிகள் மாறிமாறி ஒரே காரைச் செலுத்த வேண்டும். வேகம் மாத்திரம் இருந்தாற் போதாது; விளக்குகள் அணையக்கூடாது; பிறேக்குகள் சளைக்கக்கூடாது; சாரதியின் கண் அயரக்கூடாது.

இந்தப் பந்தயம் பென்ட்லியின் கார்களுக்கென்றே வகுக்கப்பட்டது போலிருந்தது. 1924ஆம் ஆண்டில் முதல் வெற்றி கிட்டிற்று. 1927ஆம் ஆண்டில் நிகழ்ந்தது ஒரு வீரகதை. அந்திப் பொழுதிலே ஒரு வளைவில் பல கார்கள் ஒன்றன்மேலொன்று மோதிக் கிடந்தன. பென்ட்லி கோஷ்டியின் மூன்று கார்களும் அதில் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று மட்டும், வளைந்த அச்சோடும் உடைந்த விளக்கோடும் தட்டுத்தடுமாறி வெளியேறி, இரவு முழுவதும் ஓடி, மறுநாள் வெற்றி பெற்றது! லண்டனின் சவோய் ஹோட்டலிலே நடைபெற்ற வெற்றி விருந்துக்கு அந்தக் காரையும் விருந்தினராக மண்டபத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கழுவித் துடைத்து மினுக்கிய காரன்று. காயங்களோடு வந்த கார். இதனை வாசகர்கள் மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

1928ஆம் ஆண்டிலும் பென்ட்லியே வென்றது. அவ்வாண்டு காரைச் செலுத்திய இருவருள் ஒருவர் வூல்ஃப் பார்னாட்டோ. தென்னாபிரிக்க வைரச் சுரங்கங்களிலே பெரும் பொருளீட்டிய பார்னி பார்னாட்டோவின் மைந்தர் இவர். சறே மாகாணத்துக்காக விக்கெற் காப்பாளராக கிரிக்கெற் ஆடியவர், குத்துச்சண்டையிலும் வல்லவர். பணமுடையால் தத்தளித்த பென்ட்லி கொம்பனிக்கு 1926ஆம் ஆண்டிலே மூலதனம் அளித்து, அதன் தலைவராகவும் ஆனவர். செல்வந்தரின் விளையாட்டுப் புத்தி என்று இவரை எவரும் எள்ளிவிட இயலாது. லே மான்ஸ் பந்தயத்தில் இவர் மூன்றே முறை கலந்துகொண்டார். மூன்று முறையும் வென்றார்.

முதலாம் இலக்கம் பிறந்தது

1929ஆம் ஆண்டு லே மான்ஸ் பந்தயத்துக்குப் புதிய ஸ்பீட் சிக்ஸ் கார் ஒன்று அனுப்பப்பட்டது. அதன் மேனியிலே ‘1’ என்னும் இலக்கம் தீட்டப்பட்டிருந்தது. பார்னாட்டோவும் சேர் ஹென்றி பேர்க்கினும் அதனைச் செலுத்தினார்கள். ஆரம்பந் தொட்டு முடிவுவரை அதனை முந்த எவராலும் முடியவில்லை. 2,800 கிலோமீற்றருக்கு மேல் ஓடி அது முதலாவதாக வந்தது. அதன் பின்னே இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களையும் பென்ட்லி கார்களே பிடித்துக்கொண்டன.

மறு ஆண்டும் அதே கார் லே மான்ஸ் சென்றது. இம்முறை இலக்கம் வேறு. பார்னாட்டோவின் துணைவரும் வேறு. கடற்படையிலே பணிபுரிந்த கிளென் கிட்ஸ்டன் இப்போது உடன் சென்றார். ஜேர்மனியின் மெர்செடிஸ் கார் ஒன்று, புகழ்பெற்ற சாரதி ருடொல்ஃப் கறசியோலாவின் கையில், பெரும் போட்டியாக நின்றது. ஒன்றையொன்று துரத்தியும் முந்தியும் இரு கார்களும் இரவின் இருளைக் கிழித்துக்கொண்டு ஓடின. விடியுமுன்னரே மெர்செடிஸ் பழுதுற்று விலகிற்று. முன்னைய ஆண்டினும் அதிக தூரம் ஓடி, ஸ்பீட் சிக்ஸ் மீண்டும் வெற்றி பெற்றது. ஒரே கார் அடுத்தடுத்து இரு ஆண்டுகள் லே மான்ஸில் வெல்வது அரிதிலும் அரிது. 1929ஆம் ஆண்டிலே அணிந்த இலக்கத்தை வைத்து ‘பழைய முதலாம் இலக்கம்’ என்னும் செல்லப்பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பந்தயக் காரின் வாழ்க்கை குடும்பக் காரின் வாழ்க்கையைப் போன்றதன்று. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் அதனைக் கழற்றுவார்கள். தேய்ந்ததை எறிவார்கள், வெடித்ததை மாற்றுவார்கள், சென்ற பந்தயத்தில் கற்ற பாடத்துக்கேற்பப் புதிய பாகத்தைப் பூட்டுவார்கள். பட்டறையில் இருந்தோருக்கு அது வரலாற்றுச் சின்னமன்று, வேலைக்குரிய கருவி. ஆகவே 1930ஆம் ஆண்டிலே வென்ற காரும் 1929ஆம் ஆண்டிலே வென்ற காரும், பெயரால் ஒன்றாயினும், இரும்பால் முற்றிலும் ஒன்றல்ல. வழக்கின் வித்து அப்போதே விழுந்துவிட்டது எனலாம்.

வீழ்ச்சியும் விபத்தும்

வெற்றியின் உச்சியிலே வீழ்ச்சி காத்திருந்தது. 1930ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின்னர் பென்ட்லி கொம்பனி பந்தயங்களிலிருந்து விலகிற்று. உலகப் பொருளாதார மந்தம் விலையுயர்ந்த கார்களை வாங்குவோரை அருகச் செய்தது. பார்னாட்டோவும் மேலும் பணம் இட முன்வரவில்லை. 1931ஆம் ஆண்டில் கொம்பனி கடன்காரர் கையிற் சிக்கி, அவ்வாண்டு முடியுமுன்னரே அதன் போட்டிக் கொம்பனியாகிய றோல்ஸ் றோய்ஸுக்கு விற்கப்பட்டது. கிறிக்கிள்வுட் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே பன்னிரண்டு ஆண்டுகளிற் செய்யப்பட்ட கார்கள் மூவாயிரத்தைச் சுற்றியே இருக்கும்.

ஆனால் பழைய முதலாம் இலக்கம் ஓய்வு பெறவில்லை. பார்னாட்டோ அதிலே எட்டு லீற்றர் கொள்ளளவுள்ள பெரிய எஞ்சின் ஒன்றைப் பூட்டச் செய்து, புறூக்லண்ட்ஸ் பந்தயத் திடலுக்கு ஏற்றவாறு அமைப்பித்தார். லண்டனுக்குத் தென்மேற்கே 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புறூக்லண்ட்ஸ், மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட திடல்களுள் உலகிலே முதலாவதாகும். அதன் வளைவுகள் கொங்கிறீற்றினால் சரிவாக, சுவர் போல உயர்ந்து நிற்பவை. எவ்வளவுக்கு வேகம் கூடுமோ அவ்வளவுக்குக் கார் அச்சரிவிலே மேலேறும்.

1932ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அங்கே 500 மைல் பந்தயம் நடைபெற்றது. ஜாக் டன்ஃபீ, கிளைவ் டன்ஃபீ என்னும் சகோதரர் இருவர் அந்தக் காரைச் செலுத்தினார்கள். இளையவராகிய கிளைவ் செலுத்திக்கொண்டிருந்தபோது, வளைவின் உச்சி விளிம்பைச் சில்லு தாண்டிற்று. கார் திடலுக்கு வெளியே பறந்து மரங்களுக்கிடையே வீழ்ந்தது. கிளைவ் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். நடிகையாகிய அவருடைய இளம் மனைவி அன்று பந்தயத்தைக் காண வந்திருந்தார்.

வென்ற கார் இப்போது ஓர் உயிரைக் கொண்ட காராகவும் ஆயிற்று. பார்னாட்டோ அதனைக் குப்பையில் எறியவில்லை. உடைந்தவற்றை மாற்றி, வீதியிலே ஓட்டத்தக்க மூடிய கூபேக் காராக அதனை மீளவும் கட்டுவித்தார். அதன்பின் அது கைமாறிக் கைமாறி, பத்தாண்டுகள் பலவற்றைக் கடந்து வந்தது.

புதுப்பிக்கும் கலை

இத்தகைய பழைய காரைப் புதுப்பிப்பது எவ்வாறு என்று இளம் வாசகர்கள் அறிந்துகொள்ள விரும்பலாம். அது வர்ணம் பூசி மினுக்கும் வேலையன்று. பென்ட்லி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான எஞ்சின்களிலே மேல்மூடியைக் கழற்றி வால்வுகளைச் சீர்செய்யலாம். அக்காலப் பென்ட்லியிலோ மூடியும் சிலிண்டர்களும் ஒரே வார்ப்பு. ஒரு வால்வைத் தொடவேண்டுமாயினும் முழு வார்ப்பையும் தூக்கியாக வேண்டும். உள்ளே நீர் ஓடும் வழிகளில் ஆண்டாண்டாகத் துரு தின்றிருக்கும். வார்ப்பு வெடித்துவிட்டால், பழைய அச்சைப் பார்த்துப் புதிதாக வார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுழல்தண்டைத் தாங்கும் இடங்களிலே வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, மயிரிழை அளவுக்குக் கடைந்தெடுக்க வேண்டும். பந்தயக் கார்களின் மேற்கூடு மரச்சட்டத்தின்மீது துணி போர்த்து அமைக்கப்பட்டது. அந்த மரம் உக்கிவிடும், துணி கிழிந்துவிடும்.

எனவே புதுப்பிப்பவர் ஒவ்வொரு நாளும் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியவராகிறார். இந்தப் பழைய துண்டை வைத்துக்கொள்வதா? மாற்றிவிடுவதா? வைத்துக்கொண்டால் கார் ஓடாமற் போகலாம். மாற்றினால் வரலாற்றின் ஒரு துளி குறைகிறது. அதனினும் கடினமான வினா வேறொன்று உண்டு. எந்த ஆண்டின் கோலத்துக்குக் காரைத் திருப்புவது? 1929ஆம் ஆண்டின் கோலத்துக்குத் திருப்பினால், 1932ஆம் ஆண்டின் எட்டு லீற்றர் எஞ்சினும் அந்தத் துயர நாளும் அழிக்கப்பட்டுவிடும். சவோய் ஹோட்டலுக்கு அந்தப் பழைய காரைக் காயங்களோடு கொண்டுவந்தவர்கள் இதனை உணர்ந்திருந்தார்கள். அதன் காயங்களே அதன் கதையாயிருந்தன. ஒரு கோலத்தைத் தேர்ந்தெடுப்பதென்றால், மற்றக் கோலங்கள் அனைத்தையும் துறப்பதாகும்.

நீதிமன்றத்தில்

இனி வழக்குக்கு வருவோம். 1990ஆம் ஆண்டிலே பழைய முதலாம் இலக்கத்தை அதன் உரிமையாளர் விற்க முன்வந்தார். பேசப்பட்ட பெறுமதி ஒரு கோடி பவுண். வாங்க இணங்கிய கொம்பனி பின்னர் மறுத்தது. லே மான்ஸில் வென்ற காரின் பாகங்களில் எதுவுமே ஏறக்குறைய எஞ்சவில்லை. ஆகவே இதனை அப்பெயரால் விற்க இயலாது என்பதே அதன் வாதம். உரிமையாளர் வழக்குத் தொடுத்தார்.

நீதியரசர் ஒட்டன் முன்னிலையிலே நிபுணர்கள் ஒவ்வொரு பாகமாக ஆராய்ந்து சாட்சியமளித்தனர். ஆய்வின் முடிவு வியப்பானது. 1929ஆம் ஆண்டுக் காரிலிருந்து எஞ்சியவையாகக் கொள்ளத்தக்கவை, மிதிகளைத் தாங்கும் தண்டு, கியர்ப் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகிய மூன்றே! 1930ஆம் ஆண்டுக் காரிலிருந்து முன் அச்சு முதலான இன்னுஞ் சில பாகங்கள் இருந்தன. அடிச்சட்டமும் எட்டு லீற்றர் எஞ்சினும் 1932ஆம் ஆண்டையோ, விபத்தின் பின்னான திருத்தத்தையோ சேர்ந்தவை.

இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர், வாங்க மறுத்த கொம்பனியின் பக்கமே நியாயம் என்பர். ஆனால் நீதியரசர் அவ்வாறு தீர்க்கவில்லை. ‘அசல்’ என்னும் சொல்லை இந்தக் காருக்கு வழங்க முடியாது என்று அவர் ஒப்புக்கொண்டார். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த பாகங்களோடே இன்றும் இருக்கும் காருக்கே அச்சொல் பொருந்தும். ஆயினும் இது ஒரு பிரதியுமன்று. எங்கோ கிடந்த பழைய இரும்புகளைப் பொறுக்கி, இறந்துபோன காருக்கு உயிர் கொடுத்ததுமன்று. ஏனெனில் இந்தக் கார் ஒருபோதும் இறக்கவில்லை. ஒரு பாகம் போய் மற்றொரு பாகம் வந்தபோதெல்லாம், வந்த பாகம் உயிரோடிருந்த ஒரு காரிலேயே வந்து சேர்ந்தது. அதன் வாழ்க்கைச் சங்கிலியில் ஒரு கண்ணியேனும் அறுபடவில்லை.

மேலும் ஒரு நியாயத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். பழைய முதலாம் இலக்கம் என்னும் பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறெந்தக் காராவது உலகிலே உண்டா? இல்லை. ஆகவே இந்தப் பெயரும் புகழும் இதற்கே உரியவை. விற்பனைக்கு வைக்கப்பட்டது வெறும் உலோகமன்று; உலோகத்தோடு சேர்ந்த வரலாறும் கீர்த்தியுமே. இவ்வாறு நீதியரசர் தீர்ப்பளிக்க, வழக்கு உரிமையாளருக்குச் சாதகமாக முடிந்தது.

கப்பலும் காரும்

இந்த வினா புதியதன்று. பண்டைக் கிரேக்க வீரனாகிய தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் பேணி வந்தனர் என்று புளூட்டாக் எழுதியிருக்கிறார். ஒரு பலகை உக்கியதும் அதை எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைத்தார்கள். எல்லாப் பலகைகளும் மாறிய பின்னும் அது அதே கப்பலா என்று தத்துவ ஞானிகள் வாதிட்டனர். பதினேழாம் நூற்றாண்டிலே தோமஸ் ஹொப்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இன்னுமொரு முடிச்சைப் போட்டார். எடுத்தெறிந்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே ஒரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது உண்மையான கப்பல் என்று கேட்டார்.

இக்காலத்திலே அம்முடிச்சு மேலும் இறுகியிருக்கிறது. 2019ஆம் ஆண்டிலே பென்ட்லி கொம்பனி, 1929ஆம் ஆண்டின் பந்தயக் கார் ஒன்றைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் ஒளிக்கதிரால் அளந்து, அதே அளவில் பன்னிரண்டு புதிய கார்களைச் செய்யப்போவதாக அறிவித்தது. அதன்பின் ஸ்பீட் சிக்ஸ் வகையிலும் பன்னிரண்டு புதிய கார்களைச் செய்ய முனைந்தது. பழைய வரைபடங்கள், பழைய உலோக வகைகள், பழைய கைமுறைகள். கிறிக்கிள்வுட் பட்டறையிலிருந்து அன்று வெளிவந்த காரைக் கண்ணாற் காண வேண்டுமாயின், இந்தப் புதிய கார் பழைய முதலாம் இலக்கத்தைக் காட்டிலும் நன்றாகவே காட்டிவிடும்!

ஆயினும் அது லே மான்ஸ் இரவைக் கண்டதில்லை. பார்னாட்டோவின் கை அதன் ஸ்டியரிங்கைப் பற்றியதில்லை. புறூக்லண்ட்ஸின் சரிவிலே அது ஓர் உயிரை இழந்ததுமில்லை. ஒன்றில் உருவம் இருக்கிறது, வாழ்க்கை இல்லை. மற்றொன்றில் உருவம் மாறியிருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது. உயிர் பழைய உடைகளைக் களைந்து புதிய உடைகளைப் புனைகிறது என்னும் கருத்திலே வளர்ந்த நமக்கு, இவ்வேறுபாட்டை உணர்வது கடினமன்று.

உண்மை சொல்லும் புதுப்பிப்பு

அப்படியானால், வாழ்க்கைச் சங்கிலி ஒன்றைக் காட்டிவிட்டால் எதை வேண்டுமானாலும் மாற்றலாமோ? அன்று. அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஒளிக்காமற் காட்டினாலன்றோ அதனை நாம் நம்பலாம்! இதற்குப் பார்னாட்டோவின் வாழ்க்கையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1930ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரான்சின் தென்கரையிலிருந்து கலே துறைமுகம் நோக்கிப் புறப்படும் ‘நீலப் புகையிரதம்’ கலேயை அடையுமுன் தாம் காரிலே லண்டனையே அடைந்துவிடுவதாக அவர் பந்தயம் கட்டினார், வெற்றியும் பெற்றார். அவர் செலுத்தியது அழகிய தாழ்கூரையுள்ள ஒரு ஸ்பீட் சிக்ஸ் கூபேக் கார் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினர். ஓவியங்களிலும் அதுவே தீட்டப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியிலோ, அந்தக் கூபேக் கார் பந்தயத்துக்குப் பின்னரே கட்டி முடிக்கப்பட்டதென்றும், பார்னாட்டோ அன்று செலுத்தியது சாதாரணமான வேறொரு மூடிய ஸ்பீட் சிக்ஸ் காரே என்றும் தெளிவாயிற்று. அழகான பொய் ஆவணத்தின்முன் நிற்கவில்லை.

இத்தகைய மயக்கங்களைத் தவிர்க்கும் நோக்குடன், பழைய வாகனங்களைப் பேணும் சங்கங்களின் சர்வதேச சம்மேளனம் 2012ஆம் ஆண்டில் ‘டியூரின் பட்டயம்’ என்னும் நெறியை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கென 1964ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வெனிஸ் பட்டயமே அதற்கு முன்மாதிரி. இயன்றவரை உள்ளதைக் காக்க வேண்டும். தவிர்க்க இயலாதபோதே மாற்ற வேண்டும். மாற்றிய பாகங்களைப் பின்வருவோர் இனங்காணத்தக்க அடையாளம் இட வேண்டும். செய்த வேலை யாவற்றையும் ஏட்டிலே பதிந்து வைக்க வேண்டும் என்பன அதன் சாரம். சுருங்கச் சொன்னால், புதுப்பிப்பவன் பொய் சொல்லக்கூடாது.

இந்தப் பாடம் கார்களுக்கு மாத்திரம் உரியதன்று. முன்னோர் விட்டுச்சென்ற ஓர் ஏட்டைப் பிரதி செய்பவனும், பழைய வீட்டைத் திருத்துபவனும், குடும்பத்தின் வரலாற்றை எழுதுபவனும் இதே கூட்டுச்சாலையிலே நிற்கிறார்கள். பழுதை மறைத்து மினுக்கிவிடும் ஆசை எவருக்கும் எழும். ஆனால் எதனை மாற்றினோம், எப்போது மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று சொல்லிவைப்பவனே பின்வருவோரின் நம்பிக்கைக்கு உரியவன். நீதியரசர் ஒட்டனின் முன்னே பழைய முதலாம் இலக்கம் வென்றதற்குக் காரணம், அதன் மூன்று பழைய துண்டுகள் அல்ல. எந்தத் துண்டு எப்போது வந்தது என்று ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டுக்கும் கணக்குச் சொல்ல அதனால் முடிந்தது. இரும்பு தேயும், உடையும், மாறும். உண்மையான கணக்கு இருக்கும்வரை பெயர் நிலைக்கும்.